சிறிய வீட்டுக்கு எவ்வளவு பெரிய ஃபர்னஸ் வேண்டும்?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் 1950களில் கட்டப்பட்ட ஒரு செங்கல் பங்களோவில் வசிக்கிறோம். மேல்தளம் 1,050 சதுர அடி. கீழே அதே அளவில் பேஸ்மென்ட், அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மேலும் கீழுமாகச் சூடான காற்று வரும் பதினொரு வென்ட்கள் உள்ளன. வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸுக்கு 24 வயதாகிவிட்டது. அதன் தகட்டில் இன்புட் 100,000 பிடியூ, அவுட்புட் 80,000 பிடியூ என்று இருக்கிறது. மாற்ற வேண்டும் என்று இரண்டு ஒப்பந்தக்காரர்களை அழைத்தோம். ஒருவர் 96 சதவீதத் திறனுள்ள 80,000 பிடியூ, இரண்டு நிலை ஃபர்னஸ் போடச் சொல்கிறார். மற்றவர் 40,000 போதும் என்கிறார். மாமியார் படுக்கும் பின்னறை எப்போதும் குளிராகவும், தெர்மோஸ்டாட் உள்ள முன்னறை சூடாகவும் இருக்கின்றன. குளிர்நாட்டில் பெரிதாகப் போட்டால்தான் நிம்மதி என்று கணவரின் தமையனார் சொல்கிறார். மைனஸ் 18 பாகை வரை போன இரவுகளில்கூட ஃபர்னஸ் ஐந்து நிமிடம் ஓடி, பத்து நிமிடம் நிற்கும். ஜனவரி காஸ் பில்லில் 470 கன மீட்டர், ஜூலையில் 50 கன மீட்டர். சுடுதண்ணீர் டாங்கியும் அடுப்பும் காஸில்தான் இயங்குகின்றன. எதைத் தெரிவு செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்துக் கணக்குப் பார்த்தால், 40,000 பிடியூ ஃபர்னஸே உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது. ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் நம்பி நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதை நான் விரும்பவில்லை. வீட்டில் ஆளுக்கொரு கருத்துச் சொல்லும்போது கணக்கு உங்கள் கையில் இருந்தால்தான் உறுதியாகப் பேச முடியும் என்பதால், இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தகட்டில் உள்ள இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிடியூ என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. இன்புட் என்பது ஃபர்னஸ் ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் உட்கொள்ளும் காஸின் வெப்பம். அவுட்புட் என்பது அதில் வீட்டுக்குள் வந்து சேரும் பங்கு. உங்கள் பழைய ஃபர்னஸ் நூறில் இருபது பங்கைப் புகைபோக்கி வழியே வெளியே அனுப்பிவிடுகிறது. கனடாவில் 2019ஆம் ஆண்டிலிருந்து விற்பனைக்கு வரும் வீட்டு காஸ் ஃபர்னஸ்கள் குறைந்தது 95 சதவீதத் திறன் உடையவையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 96 சதவீதத் திறனுள்ள 40,000 பிடியூ ஃபர்னஸ் 38,400 பிடியூவையும், 80,000 பிடியூ ஃபர்னஸ் 76,800 பிடியூவையும் வீட்டுக்குள் தரும். வீட்டைச் சூடாக்குவது இந்த அவுட்புட்தான் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கும்போது எப்போதும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒப்பந்தக்காரருக்கு 80,000 என்ற எண் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பழையதன் அவுட்புட் 80,000, புதியதன் அவுட்புட் 76,800. பழையதற்கு ஈடானதைப் போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அல்லது சதுர அடிக்கு 40 பிடியூ என்ற வாய்ப்பாட்டைப் பிடித்து, மேல்தளத்தையும் பேஸ்மென்டையும் கூட்டி 2,100 சதுர அடிக்கு 84,000 என்று கணித்திருப்பார். இரண்டு வழியும் உங்கள் வீட்டைப் பார்க்கவில்லை. அந்தப் பழைய ஃபர்னஸைப் போட்டவர் சரியான அளவில்தான் போட்டார் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சதுர அடி வாய்ப்பாடோ, மண் சூழ்ந்த பேஸ்மென்டையும் காற்று அடிக்கும் மேல்தளத்தையும் ஒரே தட்டில் வைக்கிறது. யன்னல் எத்தனை, கூரைக்கு மேலே சூட்டைக் காக்கும் பஞ்சு எவ்வளவு என்பவற்றை அது கேட்பதே இல்லை.

ஃபர்னஸின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கடுங்குளிர் நேரத்தில் உங்கள் வீடு மணிக்கு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பது. அந்தக் கடுங்குளிருக்கு ஊருக்கு ஊர் ஓர் எண் வகுத்திருக்கிறார்கள். ஒன்ராறியோ கட்டட விதிகளில் ஸ்காபுறோவுக்கு அது மைனஸ் 20 பாகை செல்சியஸ். ஜனவரி மாதத்து மணித்தியாலங்களில் நூற்றுக்கு இரண்டரை, அதாவது மொத்தம் பத்தொன்பது மணி நேரத்துக்கும் குறைவாகவே, இதைவிடக் குளிராக இருக்கும் என்பது அந்த எண்ணின் பொருள். வானொலியில் சொல்லும் காற்றுக்குளிர், அதாவது விண்ட் சில், இந்தக் கணக்கில் வராது. அது நம் தோலுக்கு உறைப்பதைச் சொல்லும் எண்; மைனஸ் 20 பாகைக் காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும் உங்கள் சுவரை மைனஸ் 30க்குக் கொண்டுபோகாது. இடுக்குகள் வழியே கூடுதலாகக் காற்று உள்ளே நுழையும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பில்லுக்கு வருகிறேன். ஜூலையில் ஃபர்னஸ் ஓடாது. ஆகவே அந்த 50 கன மீட்டர் தண்ணீர் டாங்கிக்கும் அடுப்புக்கும் போனது. ஜனவரியின் 470இலிருந்து அதைக் கழித்தால் 420 கன மீட்டர் வீட்டைச் சூடாக்கப் போயிருக்கிறது. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 36,000 பிடியூ வெப்பம் உண்டு. அதில் 80 சதவீதம் வீட்டுக்குள் வந்தது. 420ஐ 36,000ஆல் பெருக்கி, அதில் 80 சதவீதம் எடுத்து, ஜனவரியின் 744 மணித்தியாலங்களால் வகுத்தால், மணிக்குச் சராசரி 16,300 பிடியூ அளவில் வருகிறது. அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலையை மைனஸ் 5 பாகை என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லுக்குரிய மாதத்தின் சரியான எண்ணைக் கனடா சுற்றுச்சூழல் திணைக்களத்தின் காலநிலைப் பதிவுகளில் நீங்களே எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குள் ஆட்கள், சமையல், குளிர்சாதனப் பெட்டி, பகல் வெயில் ஆகியவை தரும் சூடு சில பாகைகளைச் சுமப்பதால், வெளியே 18 பாகைக்குக் கீழே இறங்கும்போதுதான் ஃபர்னஸுக்கு வேலை தொடங்குகிறது என்று கொள்வது வழக்கம். 18க்கும் மைனஸ் 5க்கும் இடைவெளி 23 பாகை. 16,300ஐ 23ஆல் வகுத்தால், ஒவ்வொரு பாகைக்கும் உங்கள் வீடு மணிக்கு ஏறத்தாழ 710 பிடியூ இழக்கிறது. மைனஸ் 20இல் இடைவெளி 38 பாகை. இழப்பு 27,000 பிடியூ.

இந்த 27,000தான் முழுக் கேள்விக்கும் அச்சாணி. இது குறைத்து மதிப்பிட்ட எண்ணாக இருக்குமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பிழை இருந்தால் அது பெரும்பாலும் மறுபக்கத்தில்தான் இருக்கும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் மிகவும் குளிர்ந்து வருவதால் டாங்கி ஜூலையைவிடக் கூடுதலாகக் காஸ் எரிக்கும். அதையும் நான் வீட்டுச் சூட்டின் கணக்கிலேயே சேர்த்திருக்கிறேன். 24 ஆண்டு ஓடிய ஃபர்னஸ் இன்னும் முழு 80 சதவீதம் தருகிறது என்றும் கொண்டிருக்கிறேன்.

ஃபர்னஸ் ஓடும் நேரமும் இதையே சொல்கிறது. ஐந்து நிமிடம் ஓடிப் பத்து நிமிடம் நின்றால் மணிக்கு இருபது நிமிடம் ஓட்டம். 80,000 பிடியூவில் மூன்றில் ஒரு பங்கு 26,700. பில்லின் வழியே வந்தால் மைனஸ் 18க்கு 25,500; கடிகாரத்தின் வழியே வந்தால் 26,700. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது அந்த எண்ணை நம்பலாம். வரும் கடுங்குளிர் இரவு ஒன்றில், தெர்மோஸ்டாட்டை மாற்றாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பர்னர் எரியும் நிமிடங்களை மட்டும் குறித்துப் பாருங்கள். பர்னர் அணைந்த பிறகும் விசிறி சற்று நேரம் சுழலும்; அதைச் சேர்க்கக் கூடாது.

கணவரின் தமையனார் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும்: மைனஸ் 20க்கும் கீழே போனால் என்ன செய்வது? 38,400 பிடியூவைப் பாகைக்கு 710 வீதம் வகுத்தால் 54 பாகை வருகிறது. 18இலிருந்து 54 இறங்கினால் மைனஸ் 36. ரொறன்ரோவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1859 ஜனவரியில் மைனஸ் 32.8 பாகைதான். அப்படி ஓர் இரவு மறுபடி வந்தாலும் 40,000 பிடியூ ஃபர்னஸ் உங்கள் வீட்டைத் தாங்கும். குடும்பத்தின் மேல் உள்ள அக்கறையில்தான் அவர் பெரிதாகப் போடச் சொல்கிறார். அவரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள்.

மாமியாரின் அறைக் குளிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அந்தக் குளிரை வைத்துத்தான் பெரிய ஃபர்னஸ் வேண்டும் என்ற முடிவுக்குப் பலர் வருகிறார்கள். உங்கள் வீட்டில் அந்தக் குளிருக்கு ஒரு பெருங்காரணமே ஃபர்னஸ் பெரிதாக இருப்பதுதான் என்று நான் கருதுகிறேன். பர்னர் பற்றியதும் சூடான காற்று முதலில் அருகிலுள்ள வென்ட்களில் வெளியேறும். பின்னறைக்குப் போகும் டக்ட், பேஸ்மென்ட் கூரையை ஒட்டி, வீட்டின் மறுமுனை வரை நீளும் தகரக் குழாய். பத்து நிமிடம் நின்றதில் அந்தத் தகரமே குளிர்ந்திருக்கும். முதல் இரண்டு மூன்று நிமிடச் சூடு தகரத்தைச் சூடாக்குவதிலேயே போய்விடும். அதன் பிறகு நல்ல சூடு பின்னறைக்கு வரத் தொடங்கும் நேரத்தில், முன்னறைத் தெர்மோஸ்டாட் தனக்குப் போதும் என்று பர்னரை அணைத்துவிடும். மாமியாரின் வென்ட்டில் கையை வைத்துப் பாருங்கள்: ஓட்டத்தின் தொடக்கத்தில் வெதுவெதுப்பு, கடைசி ஒரு நிமிடத்தில் சூடு, பிறகு மெல்லிய குளிர்காற்று என்று வந்தால் நான் சொல்வது உறுதியாகிவிடும். ஐந்து நிமிடத்துக்குப் பதில் பதினைந்து, இருபது நிமிடம் தொடர்ந்து மிதமாக ஓடும் ஃபர்னஸ்தான் வீட்டின் கடைசி அறை வரை சூட்டைக் கொண்டுசேர்க்கும். 76,800ஐப் போட்டால் இப்போது இருக்கும் நிலைதான் இன்னொரு இருபது ஆண்டுக்கு நீடிக்கும்.

ஃபர்னஸை மாற்றிய பிறகும் அறை குளிர்ந்தால், அந்தக் கிளைக்குழாயில் மூடிய டாம்பர் (காற்றைத் தடுக்கும் தகடு) இருக்கிறதா, மூட்டுகளில் காற்று கசிகிறதா, அறையின் கதவை மூடினால் காற்று திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இவை சிறிய வேலைகள். பெரிய ஃபர்னஸ் இவற்றில் எதையும் சரி செய்யாது.

டக்ட்டுகளைப் பற்றி இன்னொன்றும் உண்டு. 80,000 வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம். ஒவ்வொரு ஃபர்னஸும் தன்னைக் கடக்கும் காற்றை எவ்வளவு சூடாக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இடையில் 35 முதல் 65 பாகை ஃபாரன்ஹீட் வரை என்பது போல. நடுவில் 50 பாகை என்று வைத்துக்கொண்டால், 76,800 பிடியூவை எடுத்துச் செல்ல நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,420 கன அடி காற்று வேண்டும். 38,400க்கு 710 கன அடி போதும். ஆறு அங்குலக் கிளைக்குழாய் ஒன்று வசதியாகக் கடத்துவது நிமிடத்துக்கு 100 கன அடி அளவுதான், வளைவுகள் கூடினால் அதற்கும் குறைவு. உங்கள் பதினொரு வென்ட்களும் சேர்ந்து ஆயிரம் கன அடியைத் தாண்டுவதே கடினம். காற்று போதாமல் எரியும் ஃபர்னஸ் உள்ளுக்குள் அளவுக்கு மீறிச் சூடேறும். லிமிட் சுவிட்ச் பர்னரை நிறுத்தும். ஆறியதும் மறுபடி பற்றும். இப்படி ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறி வரும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உலோகம் காலப்போக்கில் விரிசல் விடும். எரிந்த புகையையும் நீங்கள் சுவாசிக்கும் காற்றையும் பிரித்து நிற்பது அந்த உலோகச் சுவர் ஒன்றுதான் என்பதால், இதை வெறும் காசு விரயம் என்று ஒதுக்கிவிட முடியாது. வென்ட்களில் எழும் இரைச்சலையும் நீங்கள் தினமும் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டு நிலை ஃபர்னஸ் என்பதால் பெரிதானாலும் குறைந்த நிலையில் ஓடிக்கொள்ளும் என்று முதலாமவர் சொல்லக்கூடும். குறைந்த நிலை பொதுவாக முழு அளவின் 65 முதல் 70 சதவீதம். 80,000இல் அது ஏறத்தாழ 50,000 பிடியூ அவுட்புட். உங்கள் வீட்டின் மிகக் குளிரான மணித்தியாலத்துத் தேவையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதாவது இரண்டாம் நிலை உங்கள் வீட்டில் ஒருபோதும் தேவைப்படாது. 40,000இல் இரண்டு நிலை எடுத்தால் குறைந்த நிலை 25,000 அளவில் வரும். பெரும்பாலான குளிர்கால நாட்களை அதிலேயே அமைதியாகக் கடத்திவிடலாம் என்பதால், விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் அதையே எடுங்கள்.

பெரிய ஃபர்னஸுக்கு ஒரு நன்மை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரவில் தெர்மோஸ்டாட்டை ஐந்தாறு பாகை குறைத்துவிட்டுக் காலையில் ஏற்றினால், பெரியது விரைவாகச் சூடாக்கும். 40,000க்குக் கடுங்குளிர் நாளில் சில மணி நேரம் பிடிக்கலாம். ஆகவே இரவில் இரண்டு பாகைக்கு மேல் குறைக்காதீர்கள். வயதானவர் இருக்கும் வீட்டில் அதுவே நல்லது.

என் கணக்கு பில்லிலிருந்து வந்தது. ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டிய கணக்கு வேறு: சுவர், கூரை, யன்னல், காற்றுக் கசிவு என்று அறை அறையாகப் பார்க்கும் சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற கனேடியத் தரத்தின்படியான வெப்ப இழப்புக் கணக்கு. அது உள்ளே 22 பாகை என்று கொண்டு, ஆட்களும் சமையலும் தரும் சூட்டைச் சேர்க்காமல் போடப்படுவதால், என்னுடையதைவிடச் சற்றுக் கூடிய எண்ணையே தரும். உங்கள் வீட்டுக்கு 30,000 அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே வந்தாலும் வியப்பில்லை, அப்போதும் 38,400 போதுமானதே. வெப்ப இழப்பைவிட ஃபர்னஸின் அவுட்புட் 1.4 மடங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது இத்துறையின் ஏற்கப்பட்ட நடைமுறை. 76,800, உங்கள் தேவையின் இரண்டே முக்கால் மடங்குக்கும் மேல். இருவரிடமும் அந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். வீட்டை அளக்காமல், கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கில் ஏறிப் பார்க்காமல் எண் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வேலை செய்பவருக்கு ஒன்ராறியோவில் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு வழங்கும் எரிவாயு அனுமதி இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

அட்டிக் என்றதும் நினைவுக்கு வருகிறது: 1950களின் பங்களோக்கள் பலவற்றில் அங்கே உள்ள பஞ்சு மிக மெலிதாக இருக்கும். பழைய ஃபர்னஸ் இந்தக் குளிர்காலத்தைத் தாங்கும் என்று தொழில்நுட்பர் சோதித்துச் சொன்னால், முதலில் அட்டிக்கின் காற்றுக் கசிவுகளை அடைத்து, ஆர்-60 என்ற வெப்பத்தடை அளவு வரை பஞ்சு போட்டுவிட்டு, பிறகு ஃபர்னஸை வாங்குவதே சரியான வரிசை. வீட்டின் தேவை அதனால் இன்னும் குறையும். மாமியாரின் அறைக்கு மேலே பஞ்சு விலகிக் கிடந்தால் குளிருக்கான இன்னொரு காரணமும் அங்கேயே கிடைத்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நான் சொல்லாமல் விட முடியாதது, தண்ணீர் டாங்கி. பழைய ஃபர்னஸும் டாங்கியும் இப்போது ஒரே புகைபோக்கியில் புகையை விடுகின்றன என்றால், புதிய ஃபர்னஸ் தன் புகையைப் பிளாஸ்டிக் குழாய் வழியே பக்கச் சுவரால் வெளியேற்றும். அந்தப் பெரிய புகைபோக்கியில் டாங்கி தனித்து விடப்படும். டாங்கியின் சிறிய புகை அவ்வளவு பெரிய குளிர்ந்த செங்கல் குழலில் மேலே ஏறத் திணறும். ஈரம் படிந்து செங்கல் அரிக்கும். புகை பேஸ்மென்டுக்குள்ளேயே திரும்பவும் கூடும். கீழே ஒரு குடும்பம் உறங்குகிறது. புகைபோக்கிக்குள் பொருத்தமான அளவில் லைனர் என்ற உட்குழாய் போடுவது அல்லது டாங்கியையே மாற்றுவது ஃபர்னஸ் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று இருவரிடமும் கேளுங்கள். மேலும் கீழும் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இயங்க வேண்டும், அது சட்டமும்கூட.

புதிய ஃபர்னஸ் பொருத்தப்படும் நாளில் வீட்டில் இருங்கள். வேலை முடிந்து தொழில்நுட்பர் புறப்படும் முன், உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை உங்கள் முன்னிலையில் அளந்து, அது தகட்டில் உள்ள எல்லைக்குள் நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். டக்ட்டில் உள்ள அழுத்தத்தையும் மானோமீட்டர் என்ற அழுத்தமானியில் அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஃபர்னஸ்களுக்கு அது 0.5 அங்குல நீர் அளவை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும், அதைவிட வெகுவாகக் கூடினால் காற்றோட்டம் எங்கோ தடைபடுகிறது. மிக நெருக்கமாக நெய்த ஓர் அங்குல ஃபில்டரே பல வீடுகளில் அந்தத் தடையாக இருப்பதால், நான்கு அங்குல ஃபில்டர் பெட்டி ஒன்றைச் சேர்த்துப் போடச் சொல்வது நல்லது. அளந்த எண்களை ரசீதின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் பழுது பார்க்க வருபவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.